எடைக் குறைப்பு ஊசி: நிறுத்திய பிறகு?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
சர்க்கரை நோய் இல்லாத என் அக்கா, மருத்துவர் எழுதித் தந்த செமாக்ளூடைட் ஊசியை எட்டு மாதங்களாக வாரம் ஒருமுறை போட்டு 11 கிலோ குறைந்திருக்கிறார். ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டார். இதை எத்தனை ஆண்டுகள் தொடர்வது, நிறுத்தினால் என்ன ஆகும்?

மறுமொழி (மஞ்சக்குப்பம், கடலூர்):
செமாக்ளூடைட் பற்றி 2021இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு எடை குறைந்தது; ஆனால் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரை மருந்தை நிறுத்தியபின் ஓராண்டு கவனித்தபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பசியை அடக்கும் மருந்து நின்றால் பசி திரும்பத்தானே செய்யும்? ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தி அழுத்தம் ஏறினால், அதை மருந்தின் தோல்வி என்கிறோமா!

மறுமொழி (லாஸ்பேட்டை):
ஐயா சொல்வது சரி, ஆனால் பழைய கதையையும் மறக்கக் கூடாது. முந்தைய எடைக் குறைப்பு மருந்துகளான ஃபென்ஃப்ளூரமைன் 1997இல் இதய வால்வுப் பாதிப்பாலும், சிபுட்ரமைன் 2010இல் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தாலும் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலகின. செமாக்ளூடைட் வேறு வகை. அதை வைத்து 17,604 பேரிடம் நடந்த செலக்ட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 20 விழுக்காடு குறைந்தன. எனினும் அவர்கள் ஏற்கெனவே இதய, ரத்தநாள நோய் உள்ளவர்கள்; அந்தப் பலனை உங்கள் அக்காவுக்கு அப்படியே பொருத்த முடியாது. குறையும் எடையில் தசையும் அடங்கும் என்பதால், புரத உணவையும் தசைப் பயிற்சியையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது கை நடுங்குகிறது என்று அக்கா சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. அடுத்த முறை அதை மருத்துவரிடம் முதலில் சொல்லச் சொல்கிறேன்.