தைராய்டு மாத்திரை ஆரம்பிச்ச பூனை: வீட்டுல எதைக் கவனிக்கோணும்?

செல்வி, கோபிசெட்டிபாளையம்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க வெள்ளச்சிக்கு 12 வயசு. தை மாசத்துல இருந்தே தீராத பசி. வெச்ச மீனெல்லாம் காலி, ஆனா முதுகெலும்பு கையில தட்டுப்பட ஆரம்பிச்சிருச்சு. நடுராத்திரி கத்தறது வேற. டாக்டர் கழுத்தைத் தடவிப் பாத்து, ரத்தம் எடுத்து, டி4ங்கற தைராய்டு சுரப்பு ஏகத்துக்கும் கூடியிருக்குது, அதைக் கொறைக்கோணும்னு மெத்திமசோல் மாத்திரை எழுதிக் குடுத்தாருங்க. காலைல ஒண்ணு, பொழுதோட ஒண்ணு.

இப்பக் கத்தறது நின்னுருச்சு. ஆனா பாதிச் சோத்தை வெச்சுட்டு வாசல்ல போய்ப் படுத்துக்குது. இது குணமாகறதா, மாத்திரை ஒத்துக்காததான்னு தெரியலைங்க. எங்க அத்தையும் தைராய்டுக்கு மாத்திரை சாப்புடறாங்க. தீந்துபோனா அதுல ஒண்ணு குடுக்கலாம்லங்கறாங்க.

மணி, தாராபுரம்:
அத்தை மாத்திரையைக் கண்டிப்பாக் குடுக்காதீங்க அக்கா. பெரும்பாலும் அது தைரோனார்ம், எல்ட்ராக்சின் மாதிரி, தைராய்டு குறைஞ்சவங்களுக்கான மருந்து. வெள்ளச்சிக்குக் கூடிப்போச்சு. எரியற தீயில எண்ணெய் ஊத்தற கதையாயிரும்.

பழனிச்சாமி, பொள்ளாச்சி:
அம்மணி, எங்க கருப்பனுக்கும் இதேதான் வந்துது. பசி தணியறது இந்த மருந்து செய்யற வேலைதானுங்க. அதனால சோத்தை மட்டும் வெச்சு ஒரு முடிவுக்கு வராதீங்க, எடையைப் பாருங்க. வாரம் ஒருதரம், ஒரே நேரத்துல, ஒரே தராசுல. தூக்கி வெச்சுட்டு நாம ஏறி நிக்கற மிஷின் இதுக்கு ஆகாது. மூணு கிலோ பூனையில 150 கிராம் குறையறது பெரிய விசயம், அந்த மிஷினுக்கு அது புடிபடாது. மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசுல ஒரு கூடையை வெச்சு எடை போடுங்க. சோறு குறைஞ்சும் எடை நின்னா, ஏறுனா, நல்ல சேதி.

அப்புறம் அசந்து தூங்கறப்ப மூச்சை எண்ணுங்க. நெஞ்சு ஏறி எறங்குனா ஒண்ணு. அரை நிமிசம் எண்ணி ரெண்டால பெருக்குங்க. அடிக்கடி 30-க்கு மேல போச்சுன்னா டாக்டருக்குச் சொல்லோணும். இந்த நோய் இருதயத்தையும் வெரட்டி வேலை வாங்கிருமுங்க.

மாத்திரை ஒத்துக்காட்டி முதல் ரெண்டு மாசத்துக்குள்ளதான் பெரும்பாலும் தெரியும். ஓயாத வாந்தி, சோத்தைத் தொடவே தொடாம இருக்கறது, மூஞ்சி கழுத்தையெல்லாம் ரத்தம் வர்ற அளவுக்குப் பிறாண்டறது, ஈறோ கண்ணோ மஞ்சளாகறது. இதுல எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னாடியே டாக்டருக்குப் போன் போடுங்க. கண்ணுமணி விரிஞ்சே இருந்து, சுவத்துல முட்டிக்கிட்டு நடந்தா அன்னைக்கே தூக்கிட்டு ஓடோணும். ரத்தக் கொதிப்பு ஏறிப் பார்வை போறது அப்படித்தான்.

செல்வி:
ரொம்ப நன்றிங்கண்ணா. கடைத் தராசு நம்ம வீட்டுக்காரர்கிட்டயே இருக்குது. தண்ணி நிறையக் குடிக்குதுங்க, அது ஒண்ணுக்குப் போற மண்ணுல ஈரமும் ஜாஸ்தி. அதுவும் இதுலதானா? மாத்திரையைப் பொடி பண்ணி மீனுல கலக்கலாமுங்களா? பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கா, அவதான் குடுக்கறேங்கறா.

பழனிச்சாமி, பொள்ளாச்சி:
பாப்பா அந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம், வயித்துல இருக்கற குழந்தைக்கு ஆகாது. மண்ணு அள்ளறதும் வேற யாராவது பண்ணட்டும். பொடி பண்ணாதீங்க, முழுசா மீன் துண்டுக்குள்ள ஒளிச்சுக் குடுத்துட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்குங்க.

தண்ணி இந்த நோய்லயும் கூடும், சிறுநீரகம் தளந்தாலும் கூடும். தைராய்டு ஏறிக் கெடக்கறப்ப சிறுநீரகத்துக்கு ரத்தம் வேகமாப் பாயும், உள்ள இருக்கற கோளாறு வெளிய தெரியாது. மருந்து புடிச்சதும் அது தலை காட்டும். அதனால ரெண்டு மூணு வாரத்துல ரத்தம் எடுக்கறப்ப டி4 மட்டும் போதும்னு விட்றாதீங்க. சிறுநீரகம் எப்படி இருக்குதுன்னு காட்டற கிரியேட்டினின், ரத்த அணுக்கள், ஈரல் எல்லாத்தையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க. தண்ணியைக் கொறைக்காதீங்க, கேக்கற அளவுக்கு வெச்சிருங்க. எடையும் மூச்சும் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி, டாக்டர்கிட்டப் போறப்ப எடுத்துட்டுப் போங்க அம்மணி. அதைப் பாத்து அவரே மாத்திரை அளவைக் கூட்டவோ கொறைக்கவோ செய்வாரு.