வேதம் வாசிக்கிறேன், ஆனால் விசுவாசம் வளர்வதாகத் தெரியவில்லை. நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்?

காட்பாடி_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஊர் காட்பாடிப் பக்கம், வேலை ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில், கணக்குப் பிரிவு. சி.எஸ்.ஐ. சபையிலேயே பிறந்து வளர்ந்தவன். ஞாயிறு பள்ளி, வசனப் போட்டி, திடப்படுத்தல் (சபையில் முழு அங்கத்தினராகும் சடங்கு), பாடகர் குழு எல்லாம் முறைப்படி ஆனது. இந்த வருடம் ஜனவரியிலிருந்து ஒரே வருடத்தில் வேதாகமம் முழுவதையும் முடிக்கும் அட்டவணையைப் பிடித்து வாசித்து வருகிறேன். மொத்தம் 1,189 அதிகாரம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு வரும். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே வாசித்து முடித்து டிக் போட்டுவிடுவேன். முத்துக்கடையில் இறங்கும்போது என்ன வாசித்தேன் என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது.

இதில் ஒரு சங்கதி. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, நான்தான் கூட்டிப்போய் வருகிறேன். அங்கே காத்திருக்கும்போது மனதில் வருகிற கேள்விகளுக்கும் வாட்ஸ்அப்பில் தினமும் வருகிற வாக்குத்தத்த வசனங்களுக்கும் சம்பந்தமே இல்லாதது போல இருக்கிறது. விசுவாசம் போய்விடவில்லை, ஆனால் திடப்படுத்தல் எடுத்த வயதில் எந்த அளவில் இருந்ததோ அங்கேயே நிற்கிறது. இப்போது பலி, தீட்டுச் சட்டங்கள் வரும் லேவியராகமத்தில் இருக்கிறேன், சுத்தமாக ஓடவில்லை. அட்டவணையை விட்டுவிடலாமா? விளக்கவுரை வாங்க வேண்டுமா? கேள்வி கேட்டுக்கொண்டே வாசிப்பது தப்பா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

வார்டு_அக்கா எழுதியது:

தம்பி, முதலில் அப்பாவுக்காக ஜெபிக்கிறேன். நான் வேலூரில் நர்ஸ், டயாலிசிஸ் அறை வாசலில் காத்திருப்பவர்கள் முகம் எனக்குத் தெரியும்.

என் யோசனை, அட்டவணையைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிட்டு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். பதினாறே அதிகாரம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சம்பவம், அதையே இரண்டு மூன்று தடவை வாசியுங்கள். முடிந்தால் போனில் வேண்டாம், அச்சடித்த வேதாகமத்தில், கையில் பென்சிலோடு.

ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்குள்ள பெண் வருகிறாள் அல்லவா, சின்ன வயதிலிருந்தே தெரிந்த கதைதான். வஸ்திரத்தைத் தொட்டாள், சுகமானாள், அவ்வளவுதான் நமக்கு ஞாபகம் இருக்கும். 26ஆம் வசனத்தில் நின்று பாருங்கள்: அநேக வைத்தியரால் மிகவும் வருத்தப்பட்டு, தனக்கு உண்டானதையெல்லாம் செலவழித்தும் கொஞ்சமும் குணமாகாமல் இன்னும் மோசமானாள் என்று இருக்கிறது. நம் ஊர் ஆஸ்பத்திரித் தெருவில் நடந்தாலே இந்த வசனம் கண்ணுக்கு முன்னால் தெரியும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நிலத்தை விற்றுவிட்டு ரயிலேறி வந்து லாட்ஜில் தங்கி, ரிப்போர்ட் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார்களே, அவர்களுடைய கதைதான் அது. இதே சம்பவத்தை லூக்கா 8:43இலும் பாருங்கள். சொத்தையெல்லாம் வைத்தியருக்குச் செலவழித்தும் ஒருவராலும் சொஸ்தமாகவில்லை என்று மட்டும் இருக்கும், வைத்தியர்களால் வருத்தப்பட்டாள், இன்னும் மோசமானாள் என்பது இருக்காது. லூக்காவைப் பவுல் கொலோசெயர் 4:14இல் பிரியமான வைத்தியன் என்கிறார். அதனால்தான் அந்த வரியை விட்டார் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கவனித்த பிறகு என் மனதை விட்டு அது போகவில்லை. மறுநாள் ட்யூட்டியில், எத்தனையோ இடம் பார்த்துவிட்டு வந்த ஒரு அம்மாவிடம் கேஸ் ஷீட்டைத் திருப்புவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசினேன்.

வாசிப்பு என்றால் என்னைப் பொறுத்தவரை அதுதான். வாசித்த ஒரு வரி அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு இடத்தில் நம்மைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

---

வாலாஜா_சார் எழுதியது:

சகோதரி சொன்னதில் பெரும்பகுதிக்கு ஆமென். ஒன்றில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. லேவியராகமம் ஓடவில்லை என்றால் உடனே மூடிவிட வேண்டும் என்பதில்லை தம்பி. பிடித்த பகுதியை மட்டும் வாசித்து வளர்ந்த விசுவாசம், பிடிக்காதது நடக்கும்போது தடுமாறும். இதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அதே மாற்கு 5ஐயே எடுத்துக்கொள்வோம். அந்தப் பெண் ஏன் முன்னால் வந்து கேட்கவில்லை? ஏன் கூட்டத்துக்குள் பின்னாலிருந்து வந்து தொட்டாள்? ஏன் பயந்து நடுங்கினாள்? பதில் லேவியராகமம் 15:25 முதல் 27 வரை இருக்கிறது. அந்த நிலையில் உள்ளவள் தீட்டு, அவள் படுக்கையைத் தொட்டவனும் சாயங்காலம் வரை தீட்டு. பன்னிரண்டு வருஷம் அவளை யாரும் நெருங்கியிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவளைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி, இயேசு 'மகளே' என்று கூப்பிடுகிறார். லேவியராகமத்தைப் படித்தவனுக்குத்தான் அந்த அழைப்பின் கனம் தெரியும்.

மாற்கு முதல் அதிகாரத்துக் குஷ்டரோகியும் அப்படித்தான். இயேசு கையை நீட்டித் தொட்ட பிறகு, ஆசாரியனிடம் போய் மோசே கட்டளையிட்டதைச் செலுத்து என்கிறார். அது லேவியராகமம் 14. (வேதாகமத்தில் அந்தச் சொல்லுக்குள் பல தோல் வியாதிகள் அடங்கும், துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட அது வருவதாக 13, 14ஆம் அதிகாரங்களில் இருக்கிறது, இன்றைய தொழுநோய் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.) உங்களுக்குக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி பக்கம்தானே? யாரும் தொடத் தயங்கிய காலத்தில் டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்து மறுபடி வேலை செய்ய வைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அந்த வசனத்தை வாசித்துப் பாருங்கள்.

அதனால் நான் சொல்வது இரண்டும் வேண்டும். காலையில் மாற்கு, மெதுவாக. ராத்திரி பழைய ஏற்பாடு, ஒரே அதிகாரம் போதும், ஒரு வருஷத்தில் முடிய வேண்டும் என்று எந்தக் கட்டளையும் இல்லை. விளக்கவுரையை முதலில் திறக்காதீர்கள். நீங்களே வாசித்து, கேள்வியை நோட்டில் எழுதி, அதன் பிறகு திறந்தால் அந்தப் பதில் மனதில் ஒட்டும். முதலிலேயே திறந்தால் அவர் யோசித்தது மட்டும்தான் உங்களிடம் இருக்கும். உங்கள் சபை ஐயரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள், எந்தப் போதகரும் சந்தோஷப்படுவார்.

கேள்வி கேட்பது தப்பா என்றீர்கள். பவுல் சொன்னதையே அப்படியா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறது.

---

ஆரணி_அந்தோணி எழுதியது:

நான் கத்தோலிக்கன், நடுவில் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்களிடம் 'லெக்சியோ திவினா' என்று துறவிகள் வழிவந்த பழக்கம் ஒன்று உண்டு, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி அதை நான்கு படிகளாக எழுதி வைத்தார்: வாசிப்பது, தியானிப்பது, மன்றாடுவது, பிறகு சும்மா அவர் முன்னிலையில் இருப்பது. அக்கா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். நம்மில் பலர் முதல் படியிலிருந்து நேராக வெளியே வந்துவிடுகிறோம். வாசித்ததை வைத்தே ஜெபிப்பது என்பதைப் பழகினால் பெரிய வித்தியாசம் தெரியும்.

தம்பி, அப்பாவோடு காத்திருக்கும் நேரத்துக்குத் திருப்பாடல்களை (நீங்கள் சொல்லும் சங்கீதங்களை) வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக அவற்றில் புலம்பும் பாடல்களை. 13ஆவது 'எதுவரைக்கும்' என்று ஆரம்பித்து நம்பிக்கையில் முடியும். 88ஆவது அப்படிக்கூட முடியாது, கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். அப்படி ஒரு ஜெபமும் வேதத்துக்குள் இடம்பெற்றிருக்கிறது என்றால், உங்கள் மனதில் வருகிற கேள்விகளைக் கடவுளிடம் அப்படியே சொல்லலாம் என்றுதானே அர்த்தம்? வாட்ஸ்அப் வசனங்களில் 88 வரவே வராது.

---

குடியாத்தம்_மருமகள் எழுதியது:

பெரியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்வது சின்ன விஷயம், தனியாக வாசிக்காதீர்கள் அண்ணா. என் மாமியாருக்கு எழுத்து தெரியாது. மத்தியானம் அவர் பீடி சுற்றிக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். வெளிப்படுத்தின விசேஷத்திலேயே வாசிக்கிறவனும் கேட்கிறவர்களும் பாக்கியவான்கள் என்றுதானே இருக்கிறது. நான் எதையாவது வேகமாகத் தாண்டினால் இலையை வைத்துவிட்டு நிறுத்துவார்.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கிற அதே ஐந்தாம் அதிகாரம்தான். ஜெப ஆலயத் தலைவர் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள், இயேசு அவர் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இந்தப் பெண் வந்து தொடுகிறாள், அவர் நின்று அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் செத்துப்போனாள் என்று ஆள் வந்து சொல்கிறது. மாமியார் கேட்டார், "ஏம்மா, இந்தப் பொம்பள நடுவுல வந்து நேரத்தைப் புடிச்சிக்கினதாலதான் எம் பொண்ணு போச்சின்னு அந்த மனுசன் வயிறு எரிஞ்சிருப்பாரா?" எனக்கு அப்படி ஒரு எண்ணமே அதுவரை வந்ததில்லை. அந்த நேரத்தில்தான் இயேசு அவரிடம் "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு" என்கிறார். காத்திருக்கிற ஒரு அப்பாவிடம் சொன்னது அது. அதற்கப்புறம் அன்றைக்கு நாங்கள் மேலே வாசிக்கவில்லை, அவ்வளவு நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

---

காட்பாடி_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அட்டவணையை நிறுத்திவிட்டேன், லேவியராகமத்தை நிறுத்தவில்லை சார், ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். நேற்று டயாலிசிஸ் நேரத்தில் அப்பாவுக்கு மாற்கு 5ஐ வாசித்துக் காட்டினேன். யவீரு இடத்தில் நிறுத்தி, "அவரும் வரிசையில நிக்க வேண்டியிருந்துச்சு பாரு" என்றார். அப்புறம் அவராகவே நிறையப் பேசினார், இந்த வியாதி வந்ததிலிருந்து இப்படி அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு சந்தேகம். ஏழாம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தேன். மகளுக்காக வந்து கெஞ்சுகிற அந்தக் கிரேக்கப் பெண்ணிடம் இயேசு, பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்கிறாரே, அது கடினமாக இருக்கிறது. அப்பாவிடம் வாசிக்கும்போது அதைத் தாண்டிப் போய்விடலாமா?

---

வார்டு_அக்கா எழுதியது:

தாண்டாதீர்கள். அவள் திருப்பிச் சொல்லும் பதில் வரைக்கும் சத்தமாக வாசியுங்கள், "இந்த வார்த்தையினிமித்தம்" என்று அவர் சொல்லும் 29ஆம் வசனத்தில் நிறுத்தி, அப்பா என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். எனக்கும் அந்த இடம் கடினம்தான். நானும் இந்த வாரம் ஏழாம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்கிறேன், அப்பா சொன்னதை இங்கே எழுதுங்கள்.