நெகட்டிவ் ஸ்பேஸ்: 'விடுவெளி' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களே,

ஓவியத்தில் வரையும் பொருளைச் சுற்றியும் அதன் நடுவிலும் இருக்கும் வெற்றுப் பகுதியை ஆங்கிலத்தில் 'நெகட்டிவ் ஸ்பேஸ்' என்பார்கள். அதற்குத் தமிழில் 'எதிர்மறை வெளி' என்பது எனக்கு ஒப்பவில்லை. எதிர்மறை என்றதும் மறுப்போ குறையோதான் மனத்தில் வருகிறது. புகைப்படக்காரர்களுக்கு வேறு குழப்பம்: அவர்களுக்கு நெகட்டிவ் என்றால் ஒளியும் இருளும் இடம்மாறிய படச்சுருள். 'வெற்றிடம்' ஏற்கெனவே இயற்பியலுக்குப் போய்விட்டது.

சொல்லைத் தேடுமுன், வரைபவர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம். நாற்காலியை வரையச் சொன்னால், புதிதாகப் பழகுபவர் மனத்தில் இருக்கும் நாற்காலியைத்தான் வரைவார். நான்கு கால்களும் ஒரே நீளம் என்று தெரியும் என்பதால், கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும் நான்கையும் ஒரே நீளமாகப் போடுவார். அவரையே கால்களுக்கு நடுவில் தெரியும் கோணல் நாற்கரத்தை வரையச் சொல்லுங்கள். அதற்குப் பெயர் கிடையாது, அது எப்படி இருக்கவேண்டும் என்ற எண்ணமும் கிடையாது. கண் பார்த்ததைக் கை அப்படியே போடும். அந்தத் துண்டுகள் சரியாக விழுந்தால் நாற்காலி தானாக வந்து நிற்கும். நான் வரையப் பழகியபோது என் கண்ணைத் திறந்தது இதுதான்.

'சூழ்வெளி' நல்ல சொல். ஆனால் கோப்பையின் கைப்பிடிக்குள் இருக்கும் ஓட்டை அதில் அடங்காது. 'இடைவெளி' என்றால் ஓட்டை அடங்கும், கோப்பையைச் சுற்றியிருப்பது விட்டுப்போகும்.

என் பரிந்துரை 'விடுவெளி'. வினைத்தொகை: விட்ட, விடுகின்ற, விடும் வெளி. ஓவியர் தெரிந்தே விடுவது. சீன ஓவிய மரபில் 'லியுபாய்' என்பார்கள். வெண்மையை விட்டுவைத்தல் என்று பொருள். ஜப்பானிய ஓவியர் ஹாசெகாவா தோஹாகு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மையால் தீட்டிய பைன் மரங்களைக் காட்டும் திரைகளில் பெரும்பகுதி வெறும் தாள்தான். பார்ப்பவருக்கு அது மூடுபனி!

'விடுபட்டது' போல ஒலிக்காதா என்று கேட்கலாம். விடுகதை, விடுமுறை என்னும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லையே.

அப்புறம் இணைச்சொல். வரையும் பொருள் நிரப்பும் பகுதியான பாசிட்டிவ் ஸ்பேஸுக்கு 'உருவெளி' என்று வைத்தால் 'உருவெளித் தோற்றம்' குறுக்கே வந்து மாயக்காட்சி ஆகிவிடும். 'உரு' மட்டும் போதும். டென்மார்க் உளவியலாளர் எட்கார் ரூபின் 1915இல் காட்டிய படம் ஒரு கிண்ணமாகவும், எதிரெதிரே பார்க்கும் இரண்டு முகங்களாகவும் மாறிமாறித் தெரியும். அதில் கிண்ணத்தை 'உரு'வாகக் கண்டால் இரண்டு முகங்களும் விடுவெளி. முகங்களைக் கண்டால் கிண்ணம் விடுவெளி. அங்கே விடுவது பார்ப்பவரின் கண். சொல் அதையும் தாங்கும் என்றே நினைக்கிறேன்.

கல்லில் குடையும் துளைக்கும் இது பொருந்துமா? சிற்பம் செய்பவர்கள் சொல்லுங்கள்.