எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டிலும் இடம் தெரியவில்லை. ஆர்பிசி (சிவப்பணு) ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி:
அப்பாவுக்கு 71 வயது. ஒரு வாரமாக விட்டு விட்டு மலத்தில் கருஞ்சிவப்பாக ரத்தம் போகிறது. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி, இரண்டு யூனிட் ஏற்றினார்கள். மேலேயும் கீழேயும் குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, எங்கிருந்து கசிகிறது என்று பிடிபடவில்லை. இப்போது அணு மருத்துவத்தில் ஆர்பிசி ஸ்கேனுக்கு எழுதியிருக்கிறார்கள். கதிரியக்கம் என்றதும் அம்மா அழுகிறார். நேற்று மாலையிலிருந்து ரத்தம் நின்ற மாதிரி இருக்கிறது, இன்றைக்கே எடுப்பதா?

பதில் 1:
நான் அந்தப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட். அப்பாவின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, சிவப்பணுக்களில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஒட்டவைத்து, திரும்ப ஏற்றுவோம். அப்புறம் காமா கேமராவுக்குக் கீழே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 6 மணி நேரம், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 0.1 மில்லி கசிந்தாலே தெரியும், ரத்தக்குழாய்க்குள் மருந்து விட்டு எக்ஸ்ரேயில் பார்க்கும் ஆஞ்சியோவுக்கு 0.5 மில்லியாவது வேண்டும். ஆனால் படம் எடுக்கும் நேரத்தில் கசிந்தால்தான் தெரியும். நின்றுபோன பிறகு வந்து, ஒன்றுமே இல்லாத படத்தோடு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. அதனால் டாக்டரிடம் நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். மறுபடி போனால் அந்த நிமிடமே நர்சிடம் சொல்லுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. நான் குடல் அறுவை சிகிச்சை செய்கிறவன், ஒன்று சேர்க்கிறேன். கசிந்த ரத்தம் குடலுக்குள் முன்னும் பின்னும் ஓடும். அதனால் பல மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அதை நம்பி நான் கத்தி எடுக்க மாட்டேன், நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்த படங்களை ஓடவிட்டுப் பார்த்து, முதலில் எங்கே தோன்றியது என்றுதான் கேட்பேன். ஒருவேளை ரத்தம் கொட்டி, தலைசுற்றி, பிரஷர் இறங்கினால் இந்த ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டாம், சிடி ஆஞ்சியோ சில நிமிடங்களில் முடியும்.

பதில் 3:
என் பையனுக்கு நாலு வயதில் வலியே இல்லாமல் ரத்தம் போனது. அவனுக்கு எடுத்தது மெக்கல் ஸ்கேன், அதுவும் டெக்னீசியம்தான், ஆனால் வேறு பரிசோதனை. சிறுகுடலில் இரைப்பைத் திசு ஒட்டியிருந்ததைக் காட்டியது. ஊசி குத்தியபோது மட்டும்தான் அழுதான், தைரியமாக இருங்கள்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. காலை ஒன்பதரைக்கு மறுபடி போனது, அண்ணன் ஓடிப்போய் நர்சிடம் சொன்னான். பத்தே காலுக்கு உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். அம்மாவோடு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.