முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்: எந்த ஃபவுண்டேஷன் ஷேடு எடுப்பது?

திருநெல்வேலியில் இருக்கிறேன். அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். மூன்று மாதத்தில் இரண்டு பாட்டில் ஃபவுண்டேஷன் (முக நிறத்தைச் சீராகக் காட்டப் பூசும் மேக்கப்) வாங்கியும் எனக்கு ஷேடு அமையவில்லை.

மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு, எண்ணெய் வடியும் சருமம். நெற்றியிலும் வாயைச் சுற்றியும் கருமை, கன்னம் மட்டும் வெளுப்பு. கழுத்து இரண்டுக்கும் நடுவில்.

முதல் பாட்டிலைக் கடைக்காரப் பெண் புறங்கையில் தடவிக் காட்டி, "ஒரு ஷேடு வெளுப்பா எடுங்கக்கா, பளிச்சுனு இருக்கும்" என்றார். கடை விளக்கில் பளிச்சென்றுதான் இருந்தது. வீட்டு வாசல் வெயிலில் பார்த்தால் திருநீறு பூசிய மாதிரி சாம்பல் பூத்திருந்தது.

அடுத்தது அடர்ந்த ஷேடு, மஞ்சள் சாயல், பளபளப்பில்லாத மேட் வகை. போட்டவுடன் அருமை. இரண்டு மணி நேரத்தில் எண்ணெயோடு கலந்து செங்கல் நிறத்துக்கு மாறிவிடுகிறது. ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமர் போட்டேன், டிஷ்யூவால் ஒற்றினேன், சன்ஸ்கிரீனை மாற்றினேன், இரண்டு பாட்டிலையும் கலந்தும் பார்த்தேன். செம்மை கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

சருமம் மஞ்சள் சாயலா, ரோஸ் சாயலா என்று அறிய ஒரு சோதனை சொல்வார்கள்: நரம்பு பச்சையாகத் தெரிந்து தங்க நகை பொருந்தினால் மஞ்சள், நரம்பு நீலமாகத் தெரிந்து வெள்ளி பொருந்தினால் ரோஸ். எனக்கு மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிகிறது, ஆனால் தங்கம், வெள்ளி இரண்டுமே பொருந்துகின்றன. அந்தச் சோதனையை நம்புவதை விட்டுவிட்டேன். இப்போது தாடையோரம் கோடு இழுத்து, பகல் வெளிச்சத்தில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன். கன்னத்தோடு கலக்கும் ஷேடு கழுத்தில் துருத்துகிறது. கழுத்துக்குச் சேருவது கன்னத்தை மங்கலாக்குகிறது.

என்னைப் போல முகமே இரண்டு நிறமாக இருப்பவர்கள் கழுத்துக்குப் பார்த்து ஷேடு எடுக்கிறீர்களா, கன்னத்துக்குப் பார்த்தா?