விட்டுப்போன தாயைப் பாடலாமா? காங்கயம் சொந்தங்கள் குழுவிலிருந்து

கோவைத் தங்கை: நேற்று நான் இங்கே அனுப்பிய பாடல்களைப் பாடியவர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கர். 2015இல் வெளிவந்த ‘கேரி அண்டு லோயல்’ என்ற அந்தத் தொகுப்பு, 2012இல் காலமான அவருடைய தாய் கேரியைப் பற்றியது. லோயல் என்பவர் அந்தத் தாய் மறுமணம் செய்துகொண்டவர்.

பெரியப்பா: கேட்டேன் கண்ணு. மேளதாளம் எதுவும் இல்லாமல் கிட்டாரும் மெல்லிய குரலுமாகவே போவதால், ஒலிப்பதிவுக்குக் காசு போதவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன்.

கோவைத் தங்கை: காசில்லாமல் இல்லை, பெரியப்பா. இல்லினாய் மாநிலத்தை வைத்து 2005இல் இவர் செய்த தொகுப்பில் வயலின், டிரம்பெட், கூட்டுக்குரல் என்று ஒரு தேர்த்திருவிழாவே நடக்கும். சிறு வயதில் இவர் பயின்றது ஓபோ. நம் நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் கருவி அது. இத்தனையும் கைவசம் இருந்தும், தாயைப் பற்றிப் பாட வந்தபோது பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிட்டார். சில பகுதிகளை ஓட்டல் அறையில் கைப்பேசியிலேயே பதிவு செய்திருக்கிறார்.

பெரியப்பா: அதெல்லாம் சரி. ஆனால் இறந்துபோன தாயைக் குறை சொல்லிப் பாடி, அதை ஊருலகத்துக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுச் சங்கதி வீட்டோடு இருக்க வேண்டும்.

கோவைத் தங்கை: அந்த அம்மையாருக்கு மனச்சிதைவு நோயும் குடிப்பழக்கமும் இருந்தன, மகனுக்கு ஒரு வயதாக இருக்கும்போதே பிரிந்துவிட்டார். பிறகு கோடை விடுமுறைகளில் ஆரிகன் மாநிலத்தில் தாயோடும் லோயலோடும் கழித்த நாள்கள்தாம் மகனுக்குக் கிடைத்த தாய்ப்பாசம். அதனால் பாட்டில் வருவதெல்லாம் சின்னச் சின்னச் செய்திகள்: மூன்று நான்கு வயதில் வீடியோ கடையில் தங்களை விட்டுவிட்டுத் தாய் போய்விட்டது, பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தது, சிகரெட் சாம்பல் கிண்ணத்தைக் கீழே போட்டது. இதில் குறை எங்கே இருக்கிறது?

அத்தை: அண்ணா, நம் அம்மாவின் சாவுக்கு நான் கட்டிப்பிடித்து அழுதபோது, என்னைப் பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதை, பந்தலில் இருந்த அத்தனை பேரும் கேட்க ஒப்பாரியில் வைத்துத்தானே அழுதேன்? ‘என்னைப் பெத்தவளே’ என்று கூப்பிட்டுத்தான் அதையும் கேட்டேன். ஒருவரும் என்னைக் கண்டிக்கவில்லை. மனத்தாங்கலைச் சொல்லாமல் வெறும் புகழ்ச்சியாக அழுதால், நம் பக்கத்துக் கிழவிகள் அதை அழுகை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெரியப்பா: அது சவத்தை எடுத்ததும் அடங்கிப்போகிற பேச்சு, அம்மிணி. இது காலத்துக்கும் நிற்குமே.

கோவைத் தங்கை: நிற்பதால்தான் அவர் வரிசையை யோசித்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நோக்கமாக இருந்தால், மன்னிப்பைக் கடைசிப் பாட்டுக்கு வைத்திருப்பார். இவரோ முதல் பாட்டிலேயே தாயை மன்னித்துவிடுகிறார். மன்னித்த பிறகும் துக்கம் தீரவில்லை. கோபம் தன்மீதே திரும்பி, வாழவே பிடிக்காத நிலை வரை போவதைப் பின்வரும் பாடல்களில் மறைக்காமல் சொல்கிறார். லோயலும் இதற்கு மனம் கோணியவர் அல்லர். மகனோடு சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம்தான் இந்தத் தொகுப்பை வெளியிட்டது.

பெரியப்பா: விற்பதைப் பற்றிய என் எண்ணம் மாறவில்லை. இருந்தாலும் அந்த முதல் பாட்டின் வரிகளைத் தமிழில் எழுதிப் போடு. அவர் உச்சரிப்பு எனக்குப் பிடிபடவில்லை.

அத்தை: வீடியோ கடைப் பாட்டையும் சேர்த்துப் போடு, கண்ணு.