ஆளை அனுப்பிவிட்டுப் பணத்தை மட்டும் பிடித்து வைக்கலாமா?

குமரன்: அமெரிக்காவில் ஃபெடரல் ஏஜென்ட், அதாவது மத்திய அரசின் புலனாய்வு அதிகாரி, வாரண்ட் இல்லாமல் ஒருவரைக் கைது செய்தால், அதற்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி பார்த்தாக வேண்டும். அதே ஆளைப் போகச் சொல்லிவிட்டுப் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால்? ஆளைத் தண்டிக்காமலே சொத்தை எடுக்கும் இதற்கு 'சிவில் பறிமுதல்' என்று பெயர். நோட்டீஸ் அனுப்பவே 60 நாள் அவகாசம். யாரும் உரிமை கோராவிட்டால், நீதிபதி கண்ணில் படாமலே பணம் அரசுக்குப் போய்விடும்.

மீனா: முகாந்திரம் இல்லாமல் பணத்தையும் தொட முடியாது சார். கோர்ட்டுக்குப் போனால் குற்றத்தோடு தொடர்பு உண்டு என்று நிரூபிக்க வேண்டியது அரசுதான். 2000-இல் சட்டத்தையே மாற்றிவிட்டார்களே.

குமரன்: எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும்? 'இருக்க வாய்ப்பு அதிகம்' என்றாலே போதும். 2003-இல் நெப்ராஸ்காவில், வேகமாகப் போன ஒரு வாடகைக் காரை மாநிலப் போலீஸ் மடக்கியது. உள்ளே ஐஸ்பெட்டியில் அலுமினியத் தாளில் சுற்றிய 1,24,700 டாலர். பணத்தில் போதைப்பொருள் வாடை இருப்பதாக மோப்ப நாய் காட்டிக்கொடுத்தது, ஆனால் போதைப்பொருள் ஒரு கிராம்கூட இல்லை. குளிர்பதன லாரி வாங்கச் சேர்த்த பணம் என்றார் காரை ஓட்டியவர். கீழ்க்கோர்ட் நம்பியது. 2006-இல் மேல்முறையீட்டில் பணம் அரசுக்குப் போனது. வழக்கின் பெயரே 'அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர்'. நோட்டுக்கட்டுதான் பிரதிவாதி!

மீனா: பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். பெரிய தொகை எதுவும் இல்லை என்று முதலில் பொய் சொன்னார். காரும் வேறொருவர் பெயரில் எடுத்தது.

சண்முகம்: ஐஸ்பெட்டியில் பணம் வைப்பவரை நானும் நம்ப மாட்டேன். அதற்காகப் பிடுங்கிக்கொள்வதா?

மீனா: சரி, மேடாஃப் மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா, புதிதாகப் பணம் போட்டவர்களின் காசை எடுத்துப் பழையவர்களுக்கு லாபம் என்று கொடுத்த அமெரிக்க முதலீட்டு மோசடி. அதில் பெருந்தொகை எடுத்த ஒருவர் 2009-இல் இறந்துபோனார். செத்தவரைத் தண்டிக்க முடியுமா? அவர் சொத்திலிருந்து 220 கோடி டாலர் வந்தது இதே சிவில் பறிமுதலில்தான். ஏமாந்தவர்களுக்குத்தான் அது போனது.

குமரன்: அது திமிங்கிலம். நான் கேட்பது நெத்திலியைப் பற்றி. பறிமுதல் பணம் நீதி அமைச்சகத்தின் நிதிக்கே போகிறது, உடன் வேலை செய்த மாநிலப் போலீசுக்கு 80 சதவீதம் வரை பங்கு. பிடிப்பவருக்கே பங்கு என்றால் கை சும்மா இருக்குமா? நியூ மெக்சிகோ மாநிலம் 2015-இலேயே தன் சட்டத்தில் சிவில் பறிமுதலையே ஒழித்துவிட்டது.

சண்முகம்: அப்புறம் வக்கீல்? இதில் வசதி இல்லாதவருக்கும் பொதுவாக அரசு செலவில் வக்கீல் கிடையாது, குடியிருக்கும் வீடு போவது போன்ற சில விதிவிலக்குகள்தான். 5,000 டாலர் போனவர் யாரிடம் போவார்?

மீனா: ஜெயித்தால் வக்கீல் செலவை அரசு கொடுக்கும். ஆனால் அதுவரை கைக்காசுதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.